குழந்தைக்குப் பட்டினி மருந்தாகுமா?

கொழும்பு மாளிகாவத்தையில் மருந்துக் கடைக்காரரிடம் "ஜீவனி" என்று கேட்டால், உப்பும் குளுக்கோசும் அடங்கிய சிறு பொதியொன்றை எடுத்துத் தருவார். அதனைக் கொதித்தாறிய நீரிற் கரைத்து, வயிற்றோட்டங் கண்ட குழந்தைக்குச் சிறுகச் சிறுக ஊட்டுவது இன்று தாய்மார் நன்கறிந்த வழக்கம். எளிய இவ்வழக்கம் நிலைபெறுமுன் வைத்திய உலகம் நெடுந்தூரம் நடந்துவர வேண்டியிருந்தது.

"இலங்கணம் பரம ஔடதம்" என்பது முதுமொழி. வளர்ந்தவரின் அசீரணத்துக்கு அது பொருந்தலாம். ஆனால், நோயுற்ற பாலகருக்கும் அதையே விதியாக்கி, பாலையும் கஞ்சியையும் நிறுத்திய காலம் உண்டு. கற்றறிந்த வைத்தியருங்கூடக் குடலுக்கு ஓய்வு வேண்டும் என்றே நம்பினர். விளைவு யாது? வயிற்றோட்டம் உடலை மெலிவித்தது. மெலிந்த உடலை வயிற்றோட்டம் மீண்டும் பற்றியது.

1960ஆம் ஆண்டில் றொபேட் கிறேன் என்னும் அமெரிக்க அறிஞர், குளுக்கோசும் உப்பும் ஒன்றையொன்று துணைகொண்டே குடற்சுவரைக் கடக்கின்றன என விளக்கினார். நீரும் அவற்றைப் பின்தொடர்கிறது. வாந்திபேதியிலும் இவ்வழி அடைபடுவதில்லை. இதனைப் பயன்படுத்தி, 1968இல் டாக்காவில் டேவிட் நலினும் றிச்சட் காஷும் வாய்வழிக் கரைசலின் பயனை நோயாளரிடம் நிறுவினர்.

எனினும், வைத்தியசாலைக்கு வெளியே அது பயன்படுமா என்ற ஐயம் நீங்கவில்லை. அதனை நீக்கியவர் குழந்தை வைத்தியரான திலீப் மகாலனபிஸ். 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துப் பொங்காவ் நகரிற் குவிந்தனர். வாந்திபேதி பரவியது, நரம்பிலேற்றும் சேலைன் தீர்ந்தது. அவர் குளுக்கோசு, கறியுப்பு, சோடா உப்பு மூன்றையும் நீரிற் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர் கையாலேயே நோயாளருக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த மரணம் 3.6 ஆகக் குறைந்தது. 2022இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் விருதளித்து அவர் நினைவைப் போற்றியது.

கரைசல் உயிரைக் காத்தது. ஆனால் வயிற்றோட்டத்தின் நாட்களைக் குறைக்கவில்லை. அவ்விடத்தில் உதவிக்கு வந்தவை, பெருங்குடலிற் குடியிருக்கும் நுண்ணுயிர்களே. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இராமகிருஷ்ணாவும் துணைவரும், சிறுகுடலிற் செரியாத ஒருவகைச் சோளமாவைக் கரைசலிற் சேர்த்தனர். அம்மாவை நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் சிலவகை அமிலங்களை ஆக்குகின்றன. அவ்வமிலங்களைக் குடல் உறிஞ்சும்போது உப்பும் நீரும் உடன் செல்கின்றன. வாந்திபேதி நோயாளரின் வயிற்றோட்டம் இதனால் விரைவில் நின்றதை 2000ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். பின்னர் குழந்தைகளிடமும் நற்பயன் கண்டனர்.

அடுத்த படியை டாக்காவின் தஹ்மீத் அகமதும் அமெரிக்கரான ஜெப்ரி கோர்டனும் எடுத்துவைத்தனர். கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் ஆகியவற்றாலான உணவொன்றை, குடல் நுண்ணுயிர்களுக்கு ஏற்றதெனத் தேர்ந்து அமைத்தனர். கூடுதற் கலோரி தரும் வழக்கமான சத்துணவை உண்ட குழந்தைகளைவிட, இதனை உண்ட மெலிந்த குழந்தைகளே நன்கு எடை கூடினர் என்பதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே, நோயுற்ற குழந்தைக்குக் கரைசலோடு தாய்ப்பாலும் வழக்கமான உணவும் தொடர வேண்டும் என்பதே இன்றைய வைத்திய நெறி. குழந்தைக்கு ஊட்டும் ஒரு பிடி உணவு குழந்தைக்கு மட்டுமன்று, அதனுள் வாழும் எண்ணிறந்த சிற்றுயிர்களுக்கும் உரியது. அவை பட்டினி கிடந்தால் குழந்தையும் தேறாது.