கொச்சிக்காலும் காற்றாலையும்

மட்டாஞ்சேரியில் என் அண்டைவீட்டுப் பெரியவர் தம் மகளை ஆரல்வாய்மொழிக்கு அருகே மணம் செய்து கொடுத்திருக்கிறார். அங்கே எத்திசை நோக்கினும் காற்றாலைகள். அவற்றின் பக்கத்தில் குடியிருந்தால் தலைச்சுற்றலும் உறக்கமின்மையும் வரும் என்று யாரோ சொல்லக் கேட்டுக் கலங்கிப்போனார்; மெய்தானா என்று என்னை வினவினார். இடத்தின்மீது நோயின் பழியைச் சுமத்துவது எங்கள் ஊருக்குப் புதிதன்று.

யானைக்கால் நோய்க்கு ஆங்கிலேயர் 'கொச்சிக்கால்' என்றே ஒரு பெயர் வழங்கினர். இவ்வூர்த் தண்ணீரே அதற்குக் காரணம் என்பது நெடுங்காலத் துணிபு. 1727-இல் வெளிவந்த தம் பயண நூலில் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்ற மாலுமியும் அவ்வாறே எழுதினார். வசதியுள்ளோர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து படகில் நீர் தருவித்துப் பருகினர். 1877-இல் சீனத்து அமோய் நகரில் பாட்ரிக் மான்ஸன் என்னும் மருத்துவர், நோயாளியின் குருதியைக் குடித்த கொசுவின் உடலுக்குள் நோய்ப்புழு வளர்வதைக் கண்டார். வேடிக்கை என்னவெனில், கொசுவைக் காட்டிக்கொடுத்த அவரே தண்ணீரை விடுவிக்கவில்லை. கொசு நீரில் மடிகிறது, அந்நீரைப் பருகுவோரை நோய் பற்றுகிறது என்று எண்ணினார். கடியினால் பரவுவதற்கு 1900-இல்தான் சான்று கிடைத்தது. குடிநீரைத் தேடித் தொலைவு சென்றவர்கள் வாயிலில் தேங்கிய நீரைப் பாராமல் இருந்துவிட்டனர். காரணம் பிழையாயிருந்தது, வீங்கிய கால் மெய்யாகவே வீங்கியிருந்தது.

தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிற்று. அவற்றால் நோய் என்ற அச்சத்தைப் பெரிதும் பரப்பியது, 2009-இல் நீனா பியர்பாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய நூல். பத்துக் குடும்பங்களைச் சேர்ந்த 38 பேரைப் பற்றிய விவரமே அதற்கு ஆதாரம். அதைக்கொண்டு புதிய நோயொன்றுக்குப் பெயர் சூட்டியது அவசரம் என்பது என் கருத்து. கனடா நாட்டுச் சுகாதாரத் துறை 1,238 வீடுகளில் ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டது. ஆலையின் ஓசைக்கும் தலைச்சுற்றல், உறக்கக் கேடு முதலியவற்றுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் ஓசை மிகமிக மக்களின் எரிச்சலும் மிகுந்தது. அதைக் கற்பனையென்று தள்ளிவிடுவதற்கில்லை. காற்றாலை ஓசை சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருத்தல் நலம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது.

இவ்வளவையும் பெரியவரிடம் சொன்னேன். வீட்டுக்கும் ஆலைக்கும் எவ்வளவு தொலைவு, இரவில் சன்னலைத் திறந்து வைத்து உறங்க முடிகிறதா என்று மகளிடம் கேட்கச் சொன்னேன்.

"கொசு உண்டா என்றும் கேட்டுவிடுகிறேன்" என்றார் அவர்.