சாவியும் பத்திரமும்

மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். 1964-இல் அது உருவானது. வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருப்பது உழைக்கும் மக்களின் பெரிய சொத்து. வீட்டுத் திட்டம் எதையும் நாம் இதை வைத்தே அளக்கிறோம்.

அம்பத்தூர் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலமின்மையை ஆட்சியர் ட்ரெமென்ஹீர் அறிக்கையாக்கினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியமும் 1971-இல் குடிசைப் பகுதிகள் சட்டமும் வந்தன. அறிவிக்கப்பட்ட பகுதிக்கே சட்டத்தின் காப்பு. சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன; 1985-இல் மேலும் 17. அதோடு பட்டியல் நின்றது. அம்பத்தூர் மாநகராட்சிக்குள் வந்ததோ 2011-இல்!

பட்டியலில் இல்லாத சேரி 'ஆக்கிரமிப்பு' ஆனது. நகரின் நடுவிலிருந்த மக்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். கூரை கிடைத்தது, வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. 2021-இல் வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமானது.

இப்போது பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்து, அதே இடத்தில் உயரமாகக் கட்டுகிறார்கள். அதே இடம் என்பதை வரவேற்கிறோம். அது போராடிப் பெற்றது. ஆனால் இடிக்கும் முன்பே குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் எல்லோரும் பார்க்க ஒட்டப்பட வேண்டும். கட்டி முடியும்வரை முழு வாடகை வேண்டும். பங்குத்தொகை கூலிக்காரர் தாங்கும் அளவில் இருக்க வேண்டும். பெண்கள் பெயரில் பத்திரம் வேண்டும்.

சாவியை வாங்கிப் பத்திரத்தை விட்டால், நாளைய இடிப்புக்கும் நாமே வெளியேறுவோம்.