படம் விட்ட பின்னர்

சினிமாவின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர், படம் எடுத்தவர்களைப் பற்றியும் நடித்தவர்களைப் பற்றியும் கொட்டகை கட்டிப் பணம் முடக்கியவர்களைப் பற்றியும் ஏராளமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கதை இப்படிப் போயிருக்கலாமா, அந்தக் கட்டத்தில் அழுதது நடிப்பா வெறுங் கூச்சலா, பாட்டு எடுபட்டதா எடுபடவில்லையா என்று தம்முள் அபிப்பிராயம் பரிமாறிக்கொண்ட லட்சோப லட்சம் ரசிகர்களின் பேச்சுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை அநேகர் நினைத்துப் பார்த்ததில்லை. பேச்சு காற்றோடு போய்விடுவது உண்மைதான். எனினும் எந்த இடத்தில், எந்த வாங்கில், யாரோடு யார் சரிசமமாக உட்கார்ந்து பேசினார்கள், யார் எட்டி நிற்க வைக்கப்பட்டார்கள் என்பவை காற்றோடு போகும் விஷயங்களல்ல. வடமராட்சியிலுள்ள நெல்லியடியை எடுத்துக்கொண்டால், ரசிகர் சம்பாஷணையின் சரித்திரமும் சாதிக் கொடுமைக்கு எதிராக எழுந்த இயக்கத்தின் சரித்திரமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் பெருவீதியில், கரவெட்டியையும் வதிரியையும் அண்டி அமைந்த சந்தைச் சந்தி நெல்லியடி. துன்னாலை, உடுப்பிட்டி, அல்வாய், இமையாணன் முதலிய கிராமங்களிலிருந்து மரக்கறி விற்கவும் புடைவை வாங்கவும் பஸ் பிடிக்கவும் ஜனங்கள் வந்து கூடுகிற இடமாதலால், ஓர் ஊரில் நடந்த சங்கதி மற்றோர் ஊருக்கு இந்தச் சந்தியைக் கடந்தே போயாக வேண்டும். புதுப் படம் ஒன்றைப் பற்றிய அபிப்பிராயமும் அவ்விதமே போயிற்று.

சினிமா வருவதற்கு முன்பு இந்தப் பிரதேசத்தில் ரசனை இல்லாதிருந்தது என்று எண்ணுவது பெரும் பிழையாகும். விடிய விடிய நடந்த காத்தவராயன் கூத்தையும், திருவிழா இரவுகளில் வாசிக்கப்பட்ட நாதஸ்வரத்தையும் தவிலையும், பிற்காலத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தையும் பார்த்தும் கேட்டும், மறுநாள் வயல் வரம்பிலும் கிணற்றடியிலும் வைத்து அண்ணாவியாரின் தாளம் எங்கே தளர்ந்தது, சந்திரமதியின் புலம்பல் எங்கே நெஞ்சைத் தொட்டது என்று நுணுக்கமாக எடைபோட்ட ஜனங்கள் இவர்கள். ஆனால் அந்த எடைபோடுதல் அவரவர் சமூகத்தின் வேலிக்குள்ளேயே நடந்தது. கோயில் வீதியில் நின்று பார்ப்பதற்கும் கூத்துக் களரியைச் சுற்றி உட்காருவதற்கும் இன்னாருக்கு இன்ன இடம் என்ற வரையறை இருந்தது. எந்தச் சமூகத்தின் கூத்தை எந்தச் சமூகத்தார் பார்க்கலாம் என்பதும் வழக்கத்தினால் தீர்மானிக்கப்பட்டிருந்தது. ஒரே கலையைக் கண்டு உருகிய இருவர், ஒரே இடத்தில் இருந்து அதைப் பற்றி உரையாட முடியாத நிலை நிலவிற்று.

இந்த நிலையிலேதான் சினிமா வந்து சேர்ந்தது. இலங்கையில் படக்காட்சித் தொழிலை ஒரு பெரும் நிறுவனமாக உருவாக்கிய சிலோன் தியேட்டர்ஸ், தமிழரான சிற்றம்பலம் கார்டினரால் 1928 இல் தொடங்கப்பட்டது. 1931 இல் ‘காளிதாஸ்’ வெளிவந்ததோடு தமிழ் பேசும் படங்களின் யுகம் ஆரம்பமாயிற்று. யாழ்ப்பாண நகரத்தில் வெலிங்டன், மனோகரா, ராஜா, ராணி, வின்ஸர், லிடோ, ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போன ரீகல் என்று கொட்டகைகள் காலத்துக்குக் காலம் எழுந்தன. காலப்போக்கில் வடமராட்சியின் சிறு பட்டினங்களுக்கும் படக்காட்சி வந்தது. ஒலிபெருக்கி பூட்டிய கார் நோட்டீஸை இறைத்துக்கொண்டு சந்தியைக் கடந்து போன அன்று மாலை, பட்டணத்துக்குச் செல்லும் பஸ்ஸைப் பிடிப்பவர்களும், இரவுக் காட்சி முடியும்போது பஸ் இராதென்று தெரிந்து சைக்கிளில் இருவர் இருவராகப் புறப்படுபவர்களுமாக ஊர் கலகலத்துவிடும். திரும்பி வரும் அந்த நெடுவழியெல்லாம் படத்தைப் பற்றிய பேச்சே வழித்துணையாயிற்று.

கரவெட்டியிற் பிறந்தவரும், தமிழ் நாடக ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவருமான பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி (1932–2011), தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்பு சாதனமாக ஆராய்ந்து 1981 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறு நூலிலே, பிற்காலத்து ஆய்வாளர் யாவரும் எடுத்தாளுகின்ற கருத்தொன்றைக் கூறியிருக்கிறார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஆற்றுகை ஒன்றைக் கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகை என்பதும், அங்கே ஆசனத்தை நிர்ணயித்தது பிறப்பன்று, டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணமே என்பதும் அக்கருத்தின் சாரம். தமிழ்நாட்டைக் கருதியும் பொதுவாகவும் சொல்லப்பட்ட கூற்றாயினும், அதைச் சொன்ன கண் கரவெட்டியில் திறந்த கண் என்றே நான் கருதுகிறேன். கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் வேலி போட்டிருந்த ஊரில் வளர்ந்து, மாணவப் பருவத்திலேயே நாடகம் நடித்து, இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ வானொலி நாடகத்தில் விதானையாராகக் குரல் கொடுத்த ஒருவருக்கு, கலரி வாங்கில் தோளோடு தோள் உரசி இருப்பது எவ்வளவு பெரிய சம்பவம் என்பது புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதாயிருக்கவில்லை.

ஆயினும் சிவத்தம்பி அவர்கள் கூறிய அந்தக் கூரை, படம் விட்டதும் முடிந்துவிடுகிறது. விளக்கு எரிந்து, ஜனங்கள் வெளியே வந்து, தொண்டை வரண்டு, ஒரு தேநீர் குடித்தபடி படத்தைப் பற்றிப் பேசலாம் என்று தேநீர்க்கடையை நாடும்போது பழைய உலகம் வாசலிலே காத்து நின்றது. ஒடுக்கப்பட்ட சமூகத்தாருக்கு உள்ளே வாங்கு கிடையாது. மற்றவர்கள் குடிக்கும் கிளாஸ் கிடையாது. வெளியே நின்று, போத்தலிலோ தகரப் பேணியிலோ வாங்கிக் குடித்துவிட்டுப் போக வேண்டும். சற்று முன்பு ஒரே வாங்கிலிருந்து ஒரே கட்டத்துக்குக் கண்ணீர் விட்ட இருவர், கடைவாசலில் பிரிந்துவிட நேர்ந்தது. நந்தனாரின் சரிதம் 1935 இல் கே. பி. சுந்தராம்பாள் நடிக்கவும், 1942 இல் தண்டபாணி தேசிகர் நடிக்கவும் படமாயிற்று. தில்லைக்குப் போக ஏங்கிய அந்தத் தொண்டரைத் திரையிலே கண்டு உருகியவர்கள், தம்மூர்க் கோயிற் கதவைப் பற்றிப் பேச வாய் திறக்காதிருந்ததை நினைக்குந்தோறும் என் மனம் வேதனைப்படுகிறது. கலை மனத்தை இளக்கும் என்பது மெய். இளகிய மனங்கள் கூடிப் பேசுவதற்கு இடமில்லையானால் அந்த இளக்கம் வீணாகிவிடுகிறது.

1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. வாங்கு பழைய இடத்திலேயே இருந்தது. 1966 அக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தோடு ஆரம்பித்த எழுச்சி, தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமாக விரிந்து, சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நெல்லியடியிலும் தேநீர்க்கடைப் பிரவேசமாகவும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டமாகவும் வடிவெடுத்தது. அரசியற் சரித்திரகாரர் இவற்றை உரிமைப் போராட்டம் என்று எழுதுவர். அது முற்றிலும் சரியே. அதனோடு மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். தேநீர்க்கடை வாங்கு என்பது பத்திரிகை வாசிக்கும் இடம், வழக்குப் பேசும் இடம், படத்தைப் பற்றி வாதாடும் இடம்; அதில் அமரும் உரிமை, ஊரின் சம்பாஷணையிலே பங்குகொள்ளும் உரிமையுமாகும்.

இந்த எழுச்சி நெல்லியடிக்கு ஒரு நாடகத்தையும் தந்தது. சைவப் பெரியார் சூரன் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தோற்றுவித்த தேவரையாளிப் பாடசாலை வதிரிப் பக்கத்திலே ஒரு தலைமுறையையே எழுத்தறிவித்து, வாசகராகவும் கலைஞராகவும் ஆக்கியிருந்தது. அந்தச் சூழலில், ‘நிலவிலே பேசுவோம்’ என்ற சிறுகதையால் புகழ்பெற்ற என். கே. ரகுநாதன் மாவிட்டபுரப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு ‘கந்தன் கருணை’யை எழுத, நெல்லியடி அம்பலத்தாடிகள் குழுவினர் அதனைக் காத்தவராயன் கூத்து மெட்டிலே மேடையேற்றினார்கள். ஏ. பி. நாகராஜனின் ‘கந்தன் கருணை’ என்ற புராணப் படம் 1967 இல் வெளிவந்து ஜனங்களின் வாயில் அடிபட்டுக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி, அதே பெயரில், கந்தனின் வாசல் அடைபட்டிருப்பதைக் கேள்வி கேட்கும் கூத்து ஆடப்பட்டது. ஒரு படத்துக்கு ரசிகர்கள் சொல்லக்கூடிய அபிப்பிராயங்களுள் இதைவிட வலியதொன்றை நான் அறியேன்.

கடைக்கு அப்பால், வாசிகசாலையும் சனசமூக நிலையமும் ரசிகர் சம்பாஷணையின் பாடசாலைகளாயிருந்தன. வீரகேசரியிலும் தினகரனிலும், 1959 முதல் யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவந்த ஈழநாட்டிலும் வந்த பட விளம்பரங்களை ஒருவர் உரக்க வாசிக்க, ‘பேசும் பட’த்தையும் ‘பொம்மை’யையும் கைமாறிக் கைமாறி அட்டை கழன்று போகும்வரை படித்தவர்கள், தகவல்களோடு வாதத்துக்கு வருவார்கள். எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்ற பிளவு தமிழ்நாட்டுக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு வடமராட்சிக்கும் உரியது. கண்டியிற் பிறந்த எம்.ஜி.ஆர். 1965 இல் சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்தபோது அவர் கட்சிக்கு ஏற்பட்ட பூரிப்பைச் சொல்லவும் வேண்டுமோ! கொட்டகைக்கு அடிக்கடி போக வாய்க்காத பெண்களுக்கோ இலங்கை வானொலியே கொட்டகையாயிற்று. படங்களின் வசனக் கட்டங்களையும் பாடல்களையும் அடுப்படியிலிருந்தே கேட்டு, கே. எஸ். ராஜாவின் மின்னல் வேக வர்ணனையில் ஒரு படத்தின் சுவையை அறிந்து, வேலிக்கு மேலால் அயல் வீட்டு அக்காவோடு அதைப் பேசித் தீர்த்த தாய்மார் பலர். அவர்களுடைய தீர்ப்புகள் ஆண்களின் கட்சிவாதத்தைவிடப் பல வேளைகளில் நிதானமானவை.

1970 ஐ அடுத்த ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இந்தியச் சஞ்சிகைகளும் படங்களும் அருகின. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் செயற்படத் தொடங்கிற்று. இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கு இது நல்ல வேளையாயிருந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிராம வாழ்வைக் காட்டிய ‘குத்துவிளக்கு’ 1972 இலும், செங்கை ஆழியானின் நாவலிலிருந்து பிறந்த ‘வாடைக்காற்று’ 1978 இலும் வெளிவந்தன. இடையிலே 1977 இல் தர்மசேன பத்திராஜா ‘பொன்மணி’யை எடுத்தார். சிங்களத் திரைக் கலைஞராகிய அவர், யாழ்ப்பாணத்திலே கற்பித்த காலத்தில் இந்த மண்ணைக் கூர்ந்து பார்த்து, சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்துப் பெண்களின் வாழ்வை எவ்வாறு நெரிக்கின்றன என்பதை ஆரவாரமின்றிக் காட்டியிருந்தார். நம் ரசிகர்கள் அதைக் கைவிட்டார்கள். படம் மெல்லப் போகிறது, பாட்டும் சண்டையும் இல்லை என்ற வாய்மொழி, சந்திக்குச் சந்தி முந்திச் சென்றுவிட்டது. தியாகராஜ பாகவதர் காலந்தொட்டு எத்தனையோ படங்களை வாழவைத்த அதே பேச்சு, தன் வீட்டுக் கதையைச் சொன்ன ஒரு படத்தை ஓடவிடாமற் செய்தது. தேநீர்க்கடை வாங்குக்காகப் போராடிய ஒரு சமூகம் அந்த வாங்கிலிருந்து பேசியிருக்க வேண்டிய படம் அது என்பதால், இந்த இழப்பை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

பின்னர் வந்தவை கொட்டகைகளுக்கே ஆகாத யுத்த ஆண்டுகள். ஊரடங்கு இரண்டாம் காட்சியை விழுங்கிற்று. 1987 மே மாத இறுதியில் இராணுவம் வடமராட்சிமீது படையெடுத்தது. அவ்வாண்டு ஜூலை 5 ஆம் திகதி நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்திலிருந்த இராணுவ முகாம் தாக்கப்பட்டது. ஊரின் பெயரே அதன்பின் யுத்தச் செய்திக்குரிய பெயராயிற்று. 1990 இல் மின்சாரம் அற்றுப்போனது. அப்பொழுதும் பேச்சு அறவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டரையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, ஒரே இரவில் மூன்று நான்கு படங்களை விடிய விடியப் பார்த்தார்கள். எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாகாது என்பதையும் அதிகாரத்திலிருந்தோர் தீர்மானித்த காலம் அது. எண்ணெய் தீர்ந்து படம் பாதியில் நின்றால், முடிவை முன்பே அறிந்த ஒருவர் மீதிக் கதையைச் சொல்ல, மற்றவர்கள் இடைமறித்து வாதாடுவார்கள். கூத்து நடந்த இரவுகளின் வடிவம், எவரும் திட்டமிடாமலே மறுபடியும் முற்றத்துக்கு வந்துவிட்டது. 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து ஜனங்கள் பெருந்திரளாகப் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தபோது, அந்நியர் பலர் ஒரே கூரையின் கீழ் நெருங்கி வாழ நேர்ந்தது; துயரத்தின் நடுவே அறிமுகத்துக்கு உதவிய சில்லறைப் பேச்சுகளில், பார்த்த படங்களைப் பற்றிய பேச்சும் ஒன்று.

யுத்தத்தின் பின்னர் 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழா நடந்து வருகிறது. வடமராட்சி இளைஞர்களும் அங்கே சென்று, படம் எடுத்தவரையே நேரில் வைத்துக் கேள்வி கேட்கிற வாய்ப்பைப் பெற்றிருக்கிறார்கள். ‘பொன்மணி’யைப் பற்றி அவர்களுடன் பேச நான் விரும்புகிறேன். அந்தப் படத்தை நெல்லியடியில் ஒரு தடவையாவது திரையிட்டு, அன்று அதைக் கைவிட்ட முதியவர்களையும் இன்றைய பிள்ளைகளையும் ஒருங்கே இருத்தி, படம் விட்ட பின்னர் அவர்கள் பேசுவதை யாரேனும் எழுதிவைக்க வேண்டும்.