செய்ந்நன்றி அறிதல்

பிறர் செய்த உதவியை மறவாதிருக்கும் பண்பு. சங்கப் பாடல்களிலும் அற நூல்களிலும் உயர்ந்த இடம் பெற்றது.

புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் சோழன் கிள்ளிவளவனை வாழ்த்துகிறார். பசுவின் மடியை அறுத்தவருக்கும் பெற்றோருக்குத் தீங்கிழைத்தவருக்கும்கூடக் கழுவாய் உண்டு, ஆனால் நன்றி கொன்றவருக்கு உய்வில்லை என அறநூல் கூறுவதை நினைவூட்டுகிறார். பாலில் சமைத்துத் தேன் கலந்த வரகுச் சோற்றையும் முயல் சூட்டையும் பாணர் மன்றத்தில் உண்ணும் காட்சியைத் தீட்டுகிறார். காலையும் மாலையும் வளவனைப் பாடாவிட்டால் கதிரவனே தோன்றமாட்டான் என்கிறார். இமயத்தில் பொழியும் மழைத்துளிகளினும் பல நாள் அவன் வாழட்டும் என்பது வாழ்த்து.

சாதலை நீக்கும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் தமக்களித்த சிற்றரசன் அதியமானை, நீலமணிமிடற்று இறைவன்போல் நிலைபெறுமாறு ஔவையார் வாழ்த்துவது புறநானூற்றின் 91ஆம் பாடல்.

திருக்குறளின் 11ஆம் அதிகாரம் (குறள் 101–110) இப்பொருளுக்கே உரியது. அறத்துப்பாலின் இல்லறவியலில் அமைந்துள்ளது. உதவியை அதன் அளவால் அன்றி, செய்த காலத்தாலும் பெற்றவரின் பண்பாலும் மதிப்பிடுகிறார் வள்ளுவர். கொன்றாற்போன்ற தீமை செய்தவரிடத்திலும் அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைக்கச் சொல்கிறார். உய்வில்லை என்ற புறநானூற்றுக் கருத்து அதிகாரத்தின் இறுதிக் குறளிலும் இடம்பெறுகிறது.