விளங்கியதைச் சொல்லு: மலையக வகுப்பறையின் கதை

சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு உடல்நலம் பற்றி ஒரு கட்டுரை தரும்படி செயலாளர் அக்கா கேட்டிருந்தார். நீரிழிவு பற்றியும் இரத்த அழுத்தம் பற்றியும் நம் பழைய மாணவிகள் வேண்டிய அளவுக்கு வாசித்திருப்பார்கள். எனவே அவருடைய அனுமதியோடு வேறொன்றை எழுதுகிறேன். மலையகத்து வகுப்பறையில் நல்ல கற்பித்தல் என்றால் என்ன, ஆசிரியர் எதைச் செய்ய வேண்டும் என்று இந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் யார் யார் எதிர்பார்த்தார்கள் என்பதுதான் விடயம். நான் வைத்தியர், வரலாற்று ஆசிரியை அல்ல. பிழை இருந்தால் வரலாறு படித்த அக்காமார் பொறுத்தருள வேண்டும்.

கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்கத்திலும் லயங்களில் இருந்த பள்ளிக்கூடம் பெரும்பாலும் கங்காணியோ எழுத்தறிந்த ஒருவரோ நடத்தியதுதான். பகல் வேலை முடிந்த பிறகு விளக்கடியில், அல்லது மரத்தடியில். ஊரிலிருந்து கொண்டுவந்த திண்ணைப் பள்ளி முறையே அங்கும் நடந்தது. மணலில் விரலால் எழுதுவது, உரக்கச் சொல்லி மனனம் செய்வது, முன்னே படித்த சட்டாம்பிள்ளை பின்னே வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பது.

இந்தச் சட்டாம்பிள்ளை முறைக்கு ஒரு வேடிக்கையான பயணம் உண்டு. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதியை நடத்திய அண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் பெரிய பையன்களைக் கொண்டு சிறியவர்களுக்குக் கற்பித்துப் பார்த்தார். 1797இல் இலண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. நம் திண்ணையிலிருந்து போன சரக்குக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஓர் ஆசிரியரை வைத்து நூறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பதுதான் அதில் அவர்களை மிகவும் கவர்ந்தது. செலவு குறைவு!

செலவைப் பார்த்துக் கற்பித்தலை அளப்பது அத்தோடு நிற்கவில்லை. 1862இல் இங்கிலாந்தில், பரிசோதகர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதித்து, தேறியவர்களின் தொகைப்படி பாடசாலைக்குப் பணம் கொடுக்கும் விதி வந்தது. இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் தொடங்கியதும் அதே வழக்கம் இங்கும் கால் வைத்தது. அதன் விளைவை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வித்தியாதரிசி எந்தப் பக்கத்தைக் கேட்பாரோ அந்தப் பக்கம் பிள்ளைக்குப் பாடமாக வேண்டும். அது அவளுக்கு விளங்கியதா என்று கேட்க எவருக்கும் காசு கொடுக்கப்படவில்லை.

நம் சங்கத்து மூத்த அக்காமார் முதன்முதலில் கூடிய அந்தப் பத்தாண்டின் வாசலில்தான், 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டங்களுக்கு வந்தது. 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தருவது தோட்டத் துரையின் கடமை ஆயிற்று. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு எடுக்கக் கூடாது என்றும் விதித்தார்கள். அந்த விதியை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு உள்ளூர நடுங்கியது. பத்து மணிக்குப் பிறகு? எட்டு வயதுப் பிள்ளை கூடையைத் தூக்கலாம். ஓர் அறை இருக்கவேண்டும், பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். சட்டம் கேட்டது ஏறக்குறைய இவ்வளவுதான். ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு, ஒரே மண்டபம். ஐந்து மணி நேரப் பாடசாலையில் ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது. அந்த ஆசிரியரே லயத்தாருக்குக் கடிதமும் எழுதிக் கொடுப்பார், மனுவும் எழுதிக் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரிடம் இவ்வளவுதான் எதிர்பார்த்தார்கள் என்பதே குறை. படித்தால் பிள்ளை மலையை விட்டுப் போய்விடும் என்ற பயம் துரைமாருக்கு இருந்தது. பிறகு எப்படி அதிகம் எதிர்பார்ப்பார்கள்?

பின்னர் வந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி கிடைத்தது. 1948இல் நம் மக்களில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தார்கள். 1960, 61இல் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு எடுத்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1972, 75இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977க்குப் பிறகே பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு தலைமுறையின் பிள்ளைகள் நாங்கள். என் அம்மாவும் அதில் ஒருவர்.

நான் முதலில் படித்ததும் தோட்டத்துப் பாடசாலையில்தான். இடைச்சுவர் இல்லாத மண்டபம். பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு நம் கொப்பியில் வந்து விழும். பாடம் முடிந்ததும் சேர், "விளங்குதா?" என்பார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில், "விளங்குது சேர்!" என்போம். யாருக்கு விளங்கியது என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அன்பான மனிதர்.

1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டு உதவியோடு தோட்டப் பாடசாலைகளில் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வரத் தொடங்கின. 1990களில் ஜெர்மன் உதவியோடு கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. மலையகத்துப் பிள்ளையே முறையாகப் பயின்று மலையகத்துப் பிள்ளைக்குக் கற்பிக்கலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது. இதைக் கட்டடத் திறப்பு விழாப் படங்களோடு நாம் மறந்துவிடுகிறோம். 1999இல் நாடு முழுவதும் ஆரம்ப வகுப்புகளுக்கு விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று புதிய முறை வந்தபோது, அதைத் தோட்டப் பாடசாலைகளில் எடுத்துச் செய்யப் பயிற்சி பெற்ற ஆட்கள் ஓரளவேனும் இருந்தார்கள்.

ஆனால் கற்பித்தல் என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது, நம் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானம் எடுத்த டீச்சர். அவர் பெயரை எழுத அனுமதி தரவில்லை. அந்தக் காலத்து மாணவிகளுக்குச் சொல்லவும் தேவையில்லை. முதல் நாள் கரும்பலகையின் நடுவே கோடு கிழித்தார். ஒரு பக்கம் தாம் எங்களிடம் எதிர்பார்ப்பவை: மற்றவள் பேசும்போது கேட்கவேண்டும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லவேண்டும், விடை பிழைத்தவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. மறு பக்கம் நாங்கள் அவரிடம் எதிர்பார்க்கக் கூடியவை: கொப்பிகள் திங்கட்கிழமை திருத்தித் திரும்பி வரும், அவருக்குத் தெரியாத கேள்விக்கு மறுநாள் பதில் வரும், "விளங்குதா?" என்று கேட்கமாட்டார். அந்த மறு பக்கம் எங்களுக்குப் புதினம். ஆசிரியரிடம் நாம் எதையும் எதிர்பார்க்கலாம் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

மூன்றாம் வாரமே சோதனை வந்தது. கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி எழும்பி, "டீச்சர், இன்னைக்குத் திங்கக்கெழம. கொப்பி?" என்றாள். வகுப்பே மூச்சை அடக்கியது. டீச்சர் ஒரு கணம் நின்றார். "வரல்ல. பிழை என்னுது. நாளைக்குத் தாறேன்" என்றார். தந்தார்.

"விளங்குதா?"வுக்குப் பதிலாக அவர், "விளங்கியதைச் சொல்லு" என்பார். உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் போடுமுன், என்ன நடக்கும் என்று ஒவ்வொருத்தியும் கொப்பியில் எழுதவேண்டும். கிழங்கு தண்ணீரை உறிஞ்சி ஊதும் என்று நான் எழுதினேன். அது தண்ணீரை விட்டுத் துவண்டு கிடந்தது. பிரசாரணத்தை நான் மறக்காததற்கு அந்தப் பிழைதான் காரணம்.

ஆனால் பாடம் என் மண்டையில் ஏறியதே தவிர, முறை ஏறவில்லை. வைத்தியராகி முதல் சில வருடங்கள் தோட்டத்துத் தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, தேத்தண்ணியோடு குடிக்கக் கூடாது, சத்து உடம்பில் சேராது என்று நீளமாக விளக்கிவிட்டு, "விளங்குதா அம்மா?" என்று கேட்டேன். "விளங்குது டொக்டர்" என்றார்கள். ஒரு கர்ப்பிணிக்கு இரண்டு மாதமாக இரத்தத்தின் அளவு ஏறவே இல்லை. கடைசியில், "மாத்திரைய எப்படிப் போடுறீங்க, சொல்லுங்க" என்றேன். காலையில் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில், கையிலிருக்கும் தேத்தண்ணியோடுதான். அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு வேறு பதிலே இல்லை. கேட்டவரையே திருப்பிச் சொல்லச் சொல்வது இன்று வைத்தியத்தில் ஒரு முறையாகவே கற்பிக்கப்படுகிறது. எனக்கு அதை ஒன்பதாம் வகுப்பிலேயே காட்டியிருந்தார்கள்.

இன்றைய நிலை பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் மலையகப் பாடசாலைகளுக்கு ஏறக்குறைய மூவாயிரம் ஆசிரிய உதவியாளர்கள் எடுக்கப்பட்டார்கள். மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்படாத கொடுப்பனவில் பல வருடம் கற்பித்தவர்கள் அவர்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு முறையாக நடக்கும் தமிழ்ப் பாடசாலை நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப்புறங்களில் இன்றும் குறைவு. பெறுபேறு வந்ததும் நாம் அந்த ஆசிரியர்களைத் திட்டுகிறோம். கரும்பலகையின் மறு பக்கத்தில் நாம் என்ன எழுதினோம்? வெளிநாட்டிலிருக்கும் சகோதரிகள் சங்கத்துக்குப் பணம் அனுப்பும்போது, வர்ணம் பூசுவதற்கு முன் இரசாயனம், உயிரியல் எடுக்கும் ஒரு டீச்சரின் பயிற்சிச் செலவைக் கேட்டுப் பாருங்கள்.

போன வருடம் நம் டீச்சர் என் கிளினிக்குக்கு வந்தார். பிரஷர் மாத்திரை இரண்டு, எதைக் காலையில், எதை இரவில் என்று விளக்கினேன். முடித்ததும், "சரி, இப்ப நான் சொல்றேன், நீ கேளு" என்றார். இரண்டையும் மாற்றிச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து விளக்கினேன்.