விஷம் வைத்தும் வயல் எலி தப்பிப்பது எப்படி? எலியின் மூளை பற்றி ஆய்வகம் சொல்வதும், டெல்டா வரப்பு சொல்வதும்

சம்பா பயிர் தூர் கட்டி நிற்கும் நேரத்தில் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் அடிக்கடி கேட்கும் புகார் இது. மருந்து வைத்த முதல் நாள் நாலஞ்சு எலி செத்தது, அதுக்கப்புறம் ஒண்ணுகூட தொடவே இல்லை என்பார்கள். கடைக்காரர் கொடுத்தது போலி மருந்தோ என்ற சந்தேகமும் கூடவே வரும்.

பெரும்பாலும் மருந்தில் கோளாறு இல்லை. உயிர் தப்பிய எலியின் மூளை ஒரே நாளில் பாடம் படித்துவிட்டது, அவ்ளோதான் விஷயம்.

டெல்டா வயல்களில் இருப்பது ஒரே வகை எலி கிடையாது. கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி என்று பல வகை உண்டு. அதில் கரம்பை எலிதான் பெரிய தலைவலி. தூரைச் சாய்வாக வெட்டும், வரப்பைக் குடைந்து தண்ணீரை வடிய விடும், முற்றிய கதிரை வளைக்குள் இழுத்துச் சேர்த்து வைக்கும். அறுவடை முடிந்ததும் வளையை வெட்டி அந்த நெல்லை எடுத்துப்போகும் வழக்கம் இருக்கிறது என்றால், எவ்வளவு சேர்த்து வைக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எலிக்கு வாந்தி எடுக்க முடியாது

இங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. எலியின் உடலமைப்பில் வாந்திக்கு வழியில்லை. தப்பானதைத் தின்றுவிட்டால் வெளியே தள்ள முடியாது. அதனால் புதிய உணவைப் பார்த்தால் முதலில் கொஞ்சமாகக் கடித்துப் பார்க்கும். வயிறு சரியில்லை என்றால் அந்தச் சுவையை அதன் பிறகு சீண்டாது.

இதை ஆய்வகத்தில் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் கார்சியா. சான் பிரான்சிஸ்கோவில் கடற்படையின் கதிரியக்க ஆய்வகத்தில் எலிகளுக்கு சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்து, கூடவே கதிர்வீச்சுக்கும் உட்படுத்தினார்கள். குமட்டல் கண்ட எலிகள் அதன் பிறகு இனிப்புத் தண்ணீரையே ஒதுக்கின. இந்த முடிவு 1955-ல் வெளியானது. 1966-ல் வந்த அடுத்த சோதனை இன்னும் சுவாரசியம். உடம்பு சரியில்லாமல் போனால் எலி சுவையைத்தான் சந்தேகப்படுகிறது, அந்த நேரத்தில் அடித்த வெளிச்சத்தையோ சத்தத்தையோ அல்ல. தின்று மணிக்கணக்காகி உடம்பு கெட்டாலும் மூளை அந்தச் சுவையோடுதான் முடிச்சுப் போடுகிறது.

மனிதர்களுக்கும் இதே மூளைப் பழக்கம் உண்டு. கீமோதெரபிக்கு முன்பு ஒரு ஐஸ்கிரீமைச் சாப்பிட்ட குழந்தைகள் பிறகு அதே ஐஸ்கிரீமை வெறுத்ததை 1978-ல் அயலின் பெர்ன்ஸ்டீன் பதிவு செய்தார். புற்றுநோய் வார்டில் சாப்பாடு இறங்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று புரிந்தது எலி ஆய்வுகளுக்குப் பிறகுதான்.

இன்று இந்தியாவில் இப்படி ஒரு சோதனை செய்ய, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவும், நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதியும் வேண்டும். வரப்பில் சாகும் எலிக்கு அந்தக் கணக்கு எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு எலி செத்தால் மற்ற எலிக்குச் சொல்லுமா?

ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலெஃப் இதைப் பல ஆண்டுகள் சோதித்தார். கிடைத்த பதில் பாதி ஆமாம், பாதி இல்லை.

ஒரு எலி இன்னொரு எலியின் வாயை முகர்ந்து, அது தின்ற உணவு எது என்று தெரிந்துகொள்கிறது. பிறகு அதையே விரும்பித் தின்கிறது. ஆனால் தின்ற எலி நோயுற்றுக் கிடந்தாலும்கூட, முகர்ந்த எலி அந்த உணவை ஒதுக்கவில்லை! அதாவது 'இதைத் தின்னலாம்' என்ற செய்தி பரவுகிறது, 'இது விஷம்' என்ற செய்தி பரவவில்லை. மருந்தைத் தொடாமல் போவது, கொஞ்சம் தின்று தப்பித்த எலியின் சொந்த அனுபவம்.

விஷமில்லாத இரையை ஏன் முதலில் வைக்கச் சொல்கிறார்கள்?

துத்தநாக பாஸ்பைடு, அதாவது ஜிங்க் பாஸ்பைடு, வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறி வேகமாகக் கொல்லும். அளவு குறைந்தால் எலி பிழைத்துப் பாடம் கற்றுக்கொள்ளும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் தடவிய வெறும் அரிசியை வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு அதே இரையில் மருந்து கலக்கச் சொல்கிறார்கள். அதே பருவத்தில் திரும்ப இதையே வைத்தால் பலன் குறைவு.

புரோமாடியோலோன் வேறு ரகம். ரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள் கழித்துக் கொல்லும். உடனே உடம்பு கெடாததால் எலிக்குச் சந்தேகமே வராது. ஆபத்து என்னவென்றால், அந்த எலியைத் தின்னும் ஆந்தை, நாய், பூனைக்கும் மருந்து போய்ச் சேரும்.

அந்த வகையில் பழைய தஞ்சாவூர் கிட்டியைக் குறைத்து மதிப்பிட முடியாது. மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டிய பொறி. சாயங்காலம் எலி நடமாடும் தடத்தில் வைத்து, விடியலில் எடுப்பார்கள். சிக்கிய எலி பாடம் கற்றுக்கொள்ள உயிரோடு இருக்காது, விஷமும் கிடையாது. எலிக்கு இவ்வளவு என்று கூலி பேசி கிட்டி வைப்பவர்கள் டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள்.

எதைச் செய்தாலும் ஒருவர் வயலில் மட்டும் செய்தால் பக்கத்து வரப்பிலிருந்து எலி வந்து குடியேறிவிடும். தொண்டைக் கதிர் வருவதற்கு முன்பே ஊர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

கெட்ட சகுனம் என்று விரட்டப்படும் கூகை

மயிலாடுதுறை மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியின் விலங்கியல் ஆய்வாளர்கள் காவிரி டெல்டாவில் கூகைகள் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கூகை எலியை முழுசாக விழுங்கி, எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டையைப் பிரித்து, மண்டை ஓட்டையும் பல்லையும் பார்த்தால் எந்த எலி என்று தெரியும்.

கூகை இருட்டில் பிடிப்பது காதை நம்பித்தான். அதன் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. சத்தம் எந்தத் திசையில், எவ்வளவு கீழே என்பதை மூளை ஒரு வரைபடம் போலப் பதிகிறது. இதை 1978-ல் எரிக் நுட்சன், மசகாசு கோனிஷி இருவரும் நிரூபித்தார்கள். மூளை அறிவியல் பாடநூல்களில் இடம்பிடித்த ஆய்வு அது. வயலில் டி வடிவக் குச்சி நட்டால் கூகை உட்காரப் பயன்படும்.

எலிக்காய்ச்சல் எலிக்கு ஏன் வருவதில்லை?

லெப்டோஸ்பைரா கிருமியை 1915-ல் ஜப்பானில் இனாடா குழுவினர் கண்டறிந்தது, நோயாளியின் ரத்தத்தைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்துத்தான். கினிப் பன்றி நோயுறும். எலியோ கிருமியைச் சிறுநீரகத்தில் வைத்துக்கொண்டு சாதாரணமாகத் திரியும், சிறுநீர் வழியாக வயல் தண்ணீரில் விடும். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் துறை இந்நோய் குறித்துத் தொடர்ந்து ஆய்வு செய்துவருகிறது.

காலில் உள்ள வெட்டு, சேற்றுப்புண் வழியாகக் கிருமி உள்ளே போகும். நடவு ஆட்கள், கிட்டி வைப்பவர்கள், வளை வெட்டுபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். செத்த எலியை வெறும் கையால் தொடக்கூடாது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சமீபத்தில் வயலில் இறங்கியதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் அவர் எலிக்காய்ச்சல் பரிசோதனை எழுதுவார். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகிவிடும். முற்றவிட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு வரை போகும்.