ப்ரோனிஸ்வாஃப்: ஒரு பெயரும் அதன் ஆட்களும்

1

போலந்தின் வரலாற்றை அரசர்களின் பெயர்களை அடுக்கியே எழுதிவிடலாம். பாடநூல்களில் அப்படித்தான் எழுதியும் வைத்திருக்கிறார்கள். மியெஷ்கோ, பொலெஸ்வாஃப், காஜிமியெஷ், வ்வாதிஸ்வாஃப், கடைசியாக 1795இல் முடிதுறந்த ஸ்தானிஸ்வாஃப். இந்தப் பட்டியலில் 'ப்ரோனிஸ்வாஃப்' ஒரு தடவைகூட வருவதில்லை. இத்தனைக்கும் இதுவும் ஸ்லாவிய வேர்களில் பிறந்த பழம் பெயர்தான். 'ப்ரோனிச்' என்றால் காப்பது, 'ஸ்வாவா' என்றால் புகழ். ஆயுதத்துக்குப் போலிஷில் உள்ள 'ப்ரோன்' என்ற சொல்லும் இதே வேரைச் சேர்ந்தது. ஆக, புகழைக் காப்பவன். சரி, யாருடைய புகழை? பெயராய்வாளர்கள் வேரையும் பொருளையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

ஒரு பெயர் காணாமல் போவதும் திரும்பி வருவதும் சும்மா நடப்பதில்லை. 16ஆம் நூற்றாண்டில் ட்ரென்ட் நகரில் கூடிய கத்தோலிக்கத் திருச்சங்கத்துக்குப் பிறகு, ஞானஸ்நானத்தில் புனிதர்களின் பெயர்களையே வைக்க வேண்டும் என்ற நெருக்கடி கூடியது. ஸ்தானிஸ்வாஃப், காஜிமியெஷ் என்று புனிதர் பட்டம் வாங்கிய ஸ்லாவியப் பெயர்கள் தப்பித்தன, மற்றவை ஒதுங்கின. 1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தை முழுசாகப் பங்குபோட்டுக்கொண்ட பின்பு நிலைமை மாறியது. 19ஆம் நூற்றாண்டில், அரசு பறிபோன தேசம் ஒன்று தன் பிள்ளைகளுக்குப் பழைய பெயர்களைத் தேடி வைத்தது. 13ஆம் நூற்றாண்டின் பெண் துறவி ப்ரோனிஸ்வாவாவை 1839இல் ரோம் அருளாளராக ஏற்றது. க்ராக்கோவில் அவர் பெயரால் வழங்கும் குன்றின் மேல்தான், 1794 எழுச்சியின் தலைவர் கோஷ்ச்சுஷ்கோவுக்கு 1820களில் மண்மேடு எழுப்பினார்கள். மதமும் தேசியமும் ஒரே மேட்டில் ஏறி உட்கார்ந்த இடம் அது. இந்தக் காற்றில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்குப் 'புகழைக் காப்பவனே' என்று பேர் வச்சதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

பேர் வச்சவர்கள் எதிர்பார்த்ததைப் பிள்ளைகள் செய்தார்களா என்பது வேறு விஷயம்.

2

ப்ரோனிஸ்வாஃப் பில்சுத்ஸ்கி 1866இல், இன்றைய லித்துவேனியாவில் உள்ள ஸூவூஃபில் பிறந்தவர். போலந்து அரசின் தந்தை என்று கொண்டாடப்படும் யூசெஃப் பில்சுத்ஸ்கிக்கு அண்ணன். பீட்டர்ஸ்பர்க்கில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, ஜார் மூன்றாம் அலெக்சாந்தரைக் கொல்ல நடந்த சதியில் 1887இல் பிடிபட்டார். லெனினின் அண்ணன் அலெக்சாந்தர் உல்யானவைத் தூக்கில் போட்ட அதே வழக்கு. ப்ரோனிஸ்வாஃபுக்கும் மரண தண்டனைதான். பிறகு அது சகலின் தீவில் 15 ஆண்டுக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது. தம்பிக்கு ஐந்தாண்டு சைபீரியா.

தீவில் ஜாரின் ஆவணங்கள் அவரை 'ப்ரோனிஸ்லாவ் ஒசிப்பொவிச்' ஆக்கின. தகப்பன் பேரையும் சேர்த்து ரஷ்யமயமாக்கிவிட்டது பேரரசு. மரம் அறுத்துக்கொண்டிருந்த இந்தக் கைதி நிவ்ஹ், ஐனு மக்களின் மொழிகளைக் கற்றுக்கொண்டார். கதைகளையும் பாடல்களையும் எழுதிக்கொண்டார். ஐனுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். 1902-03இல் மெழுகு உருளைகளில் ஐனுக் குரல்களைப் பதிவுசெய்தார். 1912இல் ஐனு மொழிக்கும் நாட்டார் வழக்காற்றுக்குமான அவரது தொகுப்பு க்ராக்கோவில் அச்சானது. சகலின் ஐனு மொழி பேசிய கடைசி மனுஷி 1994இல் இறந்துபோனார். அந்த மொழியில் இன்று மிஞ்சியிருக்கும் பழைய குரல்களில் பில்சுத்ஸ்கியின் உருளைகளில் இருப்பவையும் அடக்கம்.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய காரியம்தான். அதற்காக அவரைப் புனிதராக்கி மாலை போட வேண்டியதில்லை. சுஹ்சம்மா என்ற ஐனுப் பெண்ணை அவர் மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். ருஷ்ய-ஜப்பானியப் போரைத் தொடர்ந்து தீவை விட்டுக் கிளம்பிய ப்ரோனிஸ்வாஃப் திரும்பி வரவில்லை. அவளும் பிள்ளைகளும் அங்கேயே இருந்தார்கள். ஐனுக்களின் குரல்களை ஐரோப்பாவுக்கு எடுத்துவர முடிந்தது. மனைவி மக்களைக் கூட்டிவர முடியவில்லை. அவரது வாழ்க்கை வரலாறுகளில் சுஹ்சம்மா ஒரு பத்தியில் வந்து போகிறாள்.

1918 மே மாதம் பாரிசின் சேன் நதியில் ப்ரோனிஸ்வாஃப் இறந்தார். அதே நவம்பரில் தம்பி சுதந்திரப் போலந்தின் தலைவரானார். தம்பி கிடப்பது க்ராக்கோவின் வாவெல் கோட்டையில், அரசர்களோடு. அண்ணன் பாரிசுக்குப் பக்கத்தில் மோன்மொரான்சியில், அகதிகளோடு.

3

நம்மில் பலருக்குத் தெரிந்த ப்ரோனிஸ்வாஃப் மாலினோவ்ஸ்கி. 1884, க்ராக்கோ, ஸ்லாவிய மொழியியல் பேராசிரியரின் மகன். பில்சுத்ஸ்கி ரஷ்யப் பேரரசின் குடிமகன் என்றால் இவர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிமகன். 1914இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன இடத்தில் போர் மூண்டது; எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். 1915க்கும் 1918க்கும் இடையில் இரண்டு தடவை ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கினார். 'பங்கேற்பு உற்றுநோக்கல்' என்ற இனவரைவியல் முறைமைக்கு அதுவே அடிக்கல் ஆனது. 1922இல் வந்த புத்தகத்தில் 'குலா' என்னும் சங்குப் பரிவர்த்தனையை விளக்கி, 'காட்டுமிராண்டி'களின் பொருளாதாரத்துக்கும் தர்க்கம் உண்டு என்று காட்டினார்.

ஆங்கில அட்டைகளில் அவர் பெயரில் இருந்த போலிஷ் எழுத்தின் குறுக்குக்கோடு உதிர்ந்தது, ப்ரோனிஸ்லா ஆனார். வீட்டில் அவர் ப்ரோனியோ. அந்த ப்ரோனியோ பெரும்பாலும் போலிஷில் எழுதி வைத்த அந்தரங்க நாட்குறிப்பு, ஆள் செத்து 25 வருஷம் கழித்து 1967இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தீவு மக்கள் மேல் எரிச்சல், இழிசொல், வெறுப்பு. மானிடவியல் ஆடிப்போயிற்று. புத்தகம் பொய், நாட்குறிப்பு மெய் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே கூடாரத்திலிருந்து வந்தவை. தானே பேரரசு ஒன்றின் கீழ் இருந்தவன், இன்னொரு பேரரசின் கீழ் இருந்தவர்களைப் பார்க்கும்போது கீழிருந்து பார்ப்பான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஒடுக்கப்பட்ட தேசியங்களைப் பேசுகிற நாம் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

4

தேசத்துக்கு அரசு கிடைத்த பிறகு இந்தப் பெயர் என்ன செய்தது? ப்ரோனிஸ்வாஃப் பியெராத்ஸ்கி, யூசெஃப் பில்சுத்ஸ்கி ஆட்சியின் உள்துறை அமைச்சர். 1934 ஜூன் 15 அன்று வார்சாவில் உக்ரேனியத் தேசியவாதி ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். இரண்டே நாளில் ஆணை வந்தது; பெரேசா கர்த்துஸ்கா முகாம் திறந்தது. உக்ரேனியர், கம்யூனிஸ்டுகள், ஆட்சிக்குப் பிடிக்காத வலதுசாரிகள் என்று விசாரணையே இல்லாமல் ஆட்களை அடைத்தார்கள். சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவரின் ஆட்சி தனக்கென்று ஒரு சைபீரியாவைக் கட்டிக்கொண்டது. புகழைக் காப்பது என்றால் அரசின் அகராதியில் இதுதான்.

5

கடைசியாக ப்ரோனிஸ்வாஃப் கெரெமெக். 1932இல் வார்சாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தபோது பெயர் பெஞ்சமின் லெவெர்த்தோவ். 1882இல் சென்ஸ்தொஹோவாவின் யூதக் குடும்பம் ஒன்று தன் மகனுக்கு, பிற்பாடு வயலின் மேதையான ஹூபெர்மானுக்கு, ப்ரோனிஸ்வாஃப் என்று தானாக விரும்பிப் பெயர் வைக்க முடிந்தது. அறுபது வருஷத்தில் காலம் தலைகீழானது. 1943இல் பெஞ்சமினும் தாயும் கெட்டோவிலிருந்து தப்பினர். தகப்பன் ஆஷ்விட்சில் இறந்தார். யூதரை ஒளித்து வைத்தால் ஒளித்தவருக்கும் சாவு என்றிருந்த நாட்டில் கெரெமெக் என்பவர் அவர்களுக்கு இடம் கொடுத்தார். பிறகு தாயை மணந்தார். பையனை உலகம் அறிந்தது ப்ரோனிஸ்வாஃப் கெரெமெக்காகத்தான். இங்கே பெயர் காத்தது புகழை அல்ல, உயிரை.

பெயரால் தப்பித்தவர், பெயரற்றவர்களை ஆராய்ந்தார். 1971இல் வந்த அவரது நூல் 14, 15ஆம் நூற்றாண்டுப் பாரிசின் விளிம்புநிலை மனிதர்களைப் பற்றியது: திருடர், பிச்சைக்காரர், வேசியர், நாடோடிக் கூலிகள். நீதிமன்றப் பதிவேடுகளிலிருந்து அவர்களைத் தோண்டியெடுத்தார். 'இரக்கமும் தூக்குமரமும்' என்ற பிந்தைய நூலில், உதவிக்குத் 'தகுதியான' ஏழை, தண்டனைக்குரிய சோம்பேறி என்று ஐரோப்பா தன் ஏழைகளைப் பிரித்த கதையைச் சொன்னார். செக்கோஸ்லோவாகியாவுக்குள் டாங்கிகள் நுழைந்த 1968இல் கட்சியை விட்டு வெளியேறினார். 1980 ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் தளத் தொழிலாளர்களிடம் அறிவுஜீவிகளின் ஆதரவுக் கடிதத்தோடு போய், அவர்களுக்கு ஆலோசகரானார். 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம், சிறைவைப்பு. 1989இல் வட்டமேசைப் பேச்சுவார்த்தை.

அதுக்கப்புறம்? அவர் நாடாளுமன்றக் குழுத் தலைவராக இருந்து தாங்கிப் பிடித்த அரசு, 1990 ஜனவரியில் 'அதிர்ச்சி வைத்திய'ப் பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. 1993இல் வேலையின்மை 16 விழுக்காட்டைத் தாண்டியது. 1996இல் அந்தக் க்தான்ஸ்க் கப்பல் தளமே திவாலானது. 1997 முதல் 2000 வரை கெரெமெக் வெளியுறவு அமைச்சர். 1999இல் நேட்டோவில் போலந்தைச் சேர்த்தவர். தகுதியான ஏழை, தகுதியற்ற ஏழை என்ற பிரிவினையின் வரலாற்றை அவரளவு அறிந்தவர் அந்த அவையில் இருந்திருக்க மாட்டார்கள். அந்த அறிவு கொள்கையாக மாறவில்லை.

நேர்மையையும் சொல்லிவிட வேண்டும். 2007இல், பழைய ஆட்சியின் ரகசியப் போலீசுக்கு உளவு சொன்னதில்லை என்று எழுதித்தர வேண்டும் என வந்த சட்டத்துக்குக் கையெழுத்துப் போட மறுத்தார். ஐரோப்பிய நாடாளுமன்ற இடமே போய்விடும் என்ற நிலையிலும் அசையவில்லை. அந்த மே மாதம் அரசியல்சாசன நீதிமன்றம் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. 2008இல் கார் விபத்தில் இறந்தார்.

2010இல் கொமொரோவ்ஸ்கி குடியரசுத் தலைவரானதும் நாட்டின் முதல் நாற்காலியிலும் இந்தப் பெயர் உட்கார்ந்துவிட்டது. இனி 'புகழ்பெற்ற ப்ரோனிஸ்வாஃப்கள்' என்ற பட்டியல் தடையில்லாமல் நீளும். அந்தப் பட்டியலை வாசிக்கும்போது கூடவே இன்னொன்றையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்: சுஹ்சம்மா, ட்ரோப்ரியாண்டில் மாலினோவ்ஸ்கிக்குச் சமைத்துப் போட்டவர்கள், பெரேசாவில் அடைபட்ட உக்ரேனியர், க்தான்ஸ்கில் வேலை போன வெல்டர்கள். இவர்களுடைய கணக்கையும் வைத்துக்கொண்டுதான் யாருடைய புகழை யார் காத்தார்கள் என்று பேச முடியும்.